முறைக்காய்ச்சல்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் இருந்தது. வீட்டில் மூன்று நாள் படுத்தி எடுக்கும். ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளையாகிவிடும். கடைக்காரர் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பார். "நல்லாத்தானுங்க ஓடுது" என்பார். அதற்குமேல் அவரிடம் என்ன சொல்வது? வைத்தியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் பல்வலி போய்விடுகிற கதைதான். திரும்பக் கொண்டுவந்து வைத்த அன்றே சாயங்காலம், பழைய குருடி கதவைத் திறடி.

அதில் ஓடுவது லினக்ஸ். இதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மகள் தமிழ்வழியில் படிக்கிறாள். கேரளத்தில் எங்கள் சித்தூர் வட்டத்திலும், மலைமேல் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கம்ப்யூட்டர் பாடப் புத்தகம்கூடத் தமிழில் அச்சாகிறது. 2001-ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கி, 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமான அமைப்பு, மாநில அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டது. பள்ளியில் பார்த்ததே வீட்டிலும் இருக்கட்டும் என்று போட்டோம். கோளாறு வந்ததும் உறவினர்கள் எல்லோரும் முதலில் குற்றம் சாட்டியது அதைத்தான். "விண்டோஸ் போடுப்பா, சரியாப் போயிரும்."

இந்தப் பழி பழையது. 1990களில் லினக்ஸ்காரர்கள் அதன் மைய நிரலான கெர்னலை வீட்டிலேயே மூலநிரலில் இருந்து தொகுப்பார்கள். பாதியில் 'சிக்னல் 11' என்று சொல்லித் தொகுப்பு செத்துவிழும். அதே பெட்டியில் விண்டோஸ் ஓடுகிறதே, எனவே தவறு லினக்ஸில்தான் என்பார்கள். ரோகியர் வுல்ஃப் என்ற நெதர்லாந்துக்காரர் இந்த ஒரு கேள்விக்காகவே தனிக் கேள்வி-பதில் தொகுப்பு எழுதிவைத்தார். அதில் உள்ள சோதனை எளிமையானது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் நிரலில் பிழை. வேறுவேறு இடத்தில் நின்றால் வன்பொருளில் பிழை, பெரும்பாலும் நினைவகத்தில். கெர்னல் தொகுப்பு நினைவகத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய்வருகிற வேலை. மற்ற நிரல்கள் கால்வைக்காத ஓட்டைப் பலகையில் அது கால்வைத்துவிடும். இன்றைக்கும் இதைவிட நல்ல முதல் சோதனை எனக்குத் தெரியாது.

எங்கள் பெட்டி வேறுவேறு இடத்தில்தான் நின்றது. ஆனால் எப்போது நின்றது?

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆனது. கேட்கவைத்தது என் அம்மா. "காச்சல் எந்நேரத்துக்கு வருதுன்னு பாத்தியா?" என்றார். முறைக்காய்ச்சல் பார்த்த தலைமுறை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்நடுக்கம் வந்தால் ஒரு வகை, இரண்டு நாள் விட்டு வந்தால் வேறு வகை. மலேரியாக் கிருமி சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளிவரும் சுற்று சில இனங்களுக்கு 48 மணி நேரம், ஒன்றுக்கு 72 மணி நேரம். நுண்ணோக்கி வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே வைத்தியர்கள் நாளை எண்ணிக் காய்ச்சலுக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

ஆகவே மகளின் பழைய கணக்கு நோட்டில் கோடு போட்டோம். தேதி, மணி, என்ன ஆனது, அப்போது வீட்டில் என்னென்ன ஓடியது, வெளியே வெயிலா மழையா. மார்ச்சில் தொடங்கிய அந்த நோட்டின் முதல் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "12, மதியம் 2.50, படம் உறைந்தது, மவுஸ் நகரவில்லை. கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை." கடைசி வாக்கியம் முக்கியம். திரை உறைந்தவுடன் கேப்ஸ் லாக் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும் போயிருக்கிறது. விளக்கு அசையாவிட்டால் பெரும்பாலும் கெர்னலே போய்விட்டது. நாடி பார்ப்பது மாதிரி.

நாம் நோட்டு போடாவிட்டாலும் லினக்ஸ் தானே ஒரு நோட்டு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தைத் தட்டினால் கெர்னல் இந்த முறை எழுந்ததில் இருந்து முணுமுணுத்ததெல்லாம் கொட்டும். போனமுறை சாவதற்கு முன் என்ன சொன்னது என்பதை 'ஜர்னல்' என்ற பதிவேடு தேடித் தரும். வட்டின் கேபிள் லூசானால் இணைப்பை மறுபடி மறுபடி மீட்டமைத்ததாகப் புலம்பியிருக்கும். செயலி கொதித்தால் வெப்பம் காரணமாக வேகத்தைக் குறைத்தேன் என்று எழுதியிருக்கும். ஒன்றுமே சொல்லாமல் நடு வரியில் நின்றுபோயிருந்தால் அதுவும் ஒரு சாட்சியம்தான்: எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஒரு மாத நோட்டைப் பரப்பிவைத்தபோது இரண்டு காய்ச்சல் கலந்திருப்பது தெரிந்தது. ஒன்று மதியம் இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவே. படம் அப்படியே உறையும். மற்றது சாயங்காலம் ஆறரையை ஒட்டி. பெட்டி தானாகவே அணைந்து மறுபடி எழும். இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மருந்து தேடியதால்தான் இத்தனை நாள் வீணானது.

மதியக் காய்ச்சலை முதலில் பார்ப்போம். எங்கள் ஊர் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி. காற்று அதில் புனல் வைத்தது மாதிரிப் பாய்கிறது. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. கிழக்கே எங்கள் ஊர்ப்பக்கம் மழையும் குறைவு, புழுதி அதிகம். பெட்டியைத் திறந்தபோது செயலியின் விசிறிக்குக் கீழே இருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல் ஒரு படலம். தூரிகையால் தட்டி எடுத்தேன். செயலியின் வெப்பம் இறங்கியது, உறைவது நிற்கவில்லை.

ஏனென்றால் செயலி புத்திசாலி. சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் பெட்டியை அணைத்துவிடும். நினைவகம் அப்படியல்ல. நினைவகச் சில்லில் ஒரு பிட் என்பது நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தேங்கிய மின்னூட்டம், அவ்வளவுதான். ஓட்டைக் குடம். ஒழுகிக்கொண்டே இருக்கும், எனவே 64 மில்லி நொடிக்கு ஒருமுறை குடத்தை எல்லாம் மறுபடி நிரப்பிவைக்கிறது மின்சுற்று. சூடு ஏற ஏற ஒழுக்கு வேகமாகும். சில்லின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லி நொடிக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும் என்று தரவிதியே சொல்கிறது. கோடிக்கணக்கான குடங்களில் ஒன்றிரண்டு பிறவியிலேயே சற்றுப் பெரிய ஓட்டையோடு வந்திருந்தால் போதும். காலையில் தாக்குப்பிடிக்கும், மதியம் மூன்று மணிக்கு அடுத்த நிரப்பலுக்குள் காலியாகிவிடும்.

நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட் என்ற நிரல் 1990களின் நடுவில் இருந்தே புழக்கத்தில் இருக்கிறது. எந்த இயங்குதளமும் எழும்புவதற்கு முன் தானே எழுந்து, நினைவகம் முழுக்க ஒரு கோலத்தை எழுதிப் படித்துப் பார்க்கும். எல்லா வழிகாட்டிகளும் "இரவு முழுக்க ஓடவிடுங்கள்" என்பார்கள். ஓடவிட்டேன். எட்டு மணி நேரம், பிழை பூஜ்யம். அந்த அறிவுரையை எழுதியவர் பாலக்காட்டுக் கோடையைப் பார்த்திருக்க மாட்டார். மதியக் காய்ச்சலை விடியற்காலையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மறுநாள் ஒன்றரை மணிக்குச் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டேன். மூன்றே காலுக்குத் திரையில் சிவப்புக் கோடு. ஒரே முகவரி, ஒரே பிட், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

ஒரு பிட் என்றால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். தமிழ் எழுத்தில் பார்ப்போம். யூனிகோடில் 'ம' என்ற எழுத்தின் கடைசி எட்டு பிட்டுகள் 10101110. 'ப' எழுத்துக்கு 10101010. வலமிருந்து மூன்றாவது பிட் மட்டும் வேறு. அந்த ஒரு குடம் ஒழுகினால் மணம் பணமாகிவிடும், மாட்டு பாட்டாகிவிடும். அதேபோல 'க'வில் ஒரு பிட் போனால் 'அ', கடை அடையாகும். கட்டுரையில் இப்படி ஆனால் சிரித்துவிட்டுத் திருத்தலாம். கெர்னலுக்குள் ஒரு முகவரியில் ஆனால் வேறு யாரோ வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல ஆகி, படம் உறைகிறது. 2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில் மின்னணு வாக்கெடுப்பில் ஒரு வேட்பாளருக்கு வர முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்தது. மறுபடி எண்ணினார்கள். கூடுதலாக வந்தவை சரியாக 4,096. பன்னிரண்டு இரண்டுகளைப் பெருக்கினால் வருவது, அதாவது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. பதின்மூன்றாவது பிட் ஒன்று புரண்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். ராமில், அதாவது நினைவகத்தில், சிக்கல் என்றதும் நம்மூரில் எல்லோரும் கையில் எடுப்பது பென்சில் ரப்பர். ராம் குச்சியைக் கழற்றி, தங்கநிறப் பற்களை நாலு இழுப்பு இழுத்து, மறுபடி மாட்டுவது. பலமுறை இது வேலை செய்யும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் பலகையில் பற்களும் சாக்கெட்டும் இம்மி இம்மியாக உரசி, தொடர்பு கெட்டிருக்கும். கழற்றி மாட்டினாலே பாதி சரியாகிவிடும். 1980-ல் வந்த ஆப்பிள் மூன்றாம் கம்ப்யூட்டரில் சில்லுகள் சாக்கெட்டை விட்டு நகர்ந்துவிட, பெட்டியைச் சில அங்குலம் தூக்கித் தொப்பென்று போடுங்கள் என்று நிறுவனமே சொன்ன காலம் உண்டு. ஆனால் ரப்பரை வாரம் ஒருமுறை பூஜைபோலச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தங்கப்பூச்சு மைக்ரான் கணக்கில்தான் இருக்கிறது. ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

நான் செய்தது இன்னும் எளிது. இரண்டு குச்சிகளையும் இடம் மாற்றி மாட்டினேன், வேறு எதையும் தொடவில்லை. மறுநாள் மதியம் பிழை குச்சியோடு கூடவே நகர்ந்தது. சாக்கெட்டின் மேல் பழியில்லை. அன்றே ரப்பர், கேபிள், புதுக் கெர்னல் என எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்திருந்தால் எது தீர்த்தது, எது தீர்க்கவில்லை என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

புதுக் குச்சி வாங்கக் கோயம்புத்தூர் போக வேண்டும். அதுவரை லினக்ஸ் ஒரு உபகாரம் செய்தது. கெட்ட முகவரி தெரிந்துவிட்டால், "இந்தத் துண்டைத் தொடாதே" என்று கெர்னல் எழும்போதே சொல்லிவைக்கலாம். ரிக் வான் ரெய்ன் என்பவர் இதற்காகவே 'பேட்ராம்' என்றொரு ஒட்டுநிரல் எழுதினார். இப்போது கிரப் தொடக்க நிரலிலேயே அந்த வசதி உண்டு. கிணற்றடியில் உடைந்த படிக்கு முள்வேலி போடுவதுபோல. இரண்டு மாதம் அந்த வேலியோடு ஓடியது.

சாயங்காலக் காய்ச்சலுக்கு ஜர்னலில் ஒரு வார்த்தை இல்லை. நடு வரியில் நின்றிருந்தது. அதாவது கரன்ட். ஆனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, விளக்கு கண்சிமிட்டுவதோடு சரி, டிவி அணைவதில்லை. பின் இது மட்டும் ஏன்?

ஆறரைக்கு ஊரில் விளக்குகள் ஏறும். தென்னந்தோப்புகளில் போர் மோட்டார்கள் ஓடும். ஒரு மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் மின்னழுத்தம் பள்ளத்தில் இறங்கும். இன்வெர்ட்டரின் பின்புறம் சின்னதாக ஒரு ஸ்விட்ச் இருக்கும், பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஒருபக்கம் 'யுபிஎஸ்', மறுபக்கம் 'நார்மல்'. யுபிஎஸ் பக்கம் இருந்தால் ஏறத்தாழ 10 மில்லி நொடியில் பேட்டரிக்குத் தாவும். நார்மலில் இரண்டு மூன்று மடங்கு நேரமாகும், குறைந்த மின்னழுத்தத்தையும் பொறுத்துக்கொண்டு இருக்கும். பேட்டரி அடிக்கடி தேயாமல் இருக்கட்டும் என்று வயரிங் செய்தவர் நல்லெண்ணத்தில் நார்மலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் உள்ளே ஒரு பெரிய மின்தேக்கி இருக்கிறது, கட்டைவிரல் பருமனில். கரன்ட் நின்ற கணத்தில் முழுச் சுமையிலும் ஏறத்தாழ 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அதற்கான விதி. நம் கரன்டின் ஓர் அலைக்கே 20 மில்லி நொடி. நூலிழையில் தப்பிக்கிற ஏற்பாடு. அந்த மின்தேக்கி புதிதாக இருந்தவரை தப்பித்தோம். அதன் உள்ளே இருப்பது ஈரம், சூட்டில் காய்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மேலே அச்சிட்ட மின்தேக்கி, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். 75 டிகிரியில் 16,000. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஐந்தரை வருடம். எங்கள் பெட்டிக்கு அப்போது வயது ஆறு.

ஆக மதியம் ராமை ஒழுகவைத்த அதே வெயில்தான் வருடக்கணக்கில் இந்த மின்தேக்கியையும் காயவைத்து, சாயங்காலம் கைவிடச் செய்திருக்கிறது. ஸ்விட்சைத் தள்ளினேன். அன்றோடு ஆறரை மணிக் காய்ச்சல் நின்றது. எஸ்எம்பிஎஸ்ஸையும் பிறகு மாற்றினேன்.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பெட்டியைப் பிறகு தேவிகுளத்தில் இருக்கும் தம்பிக்குக் கொடுத்தேன். உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று வண்டி ஏறிப் போனது. மறுவருடம் மே மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஜூனில் மழை பிடித்ததும் புதுக் காய்ச்சல்: காலையில் முதல் அழுத்தலில் எழாது, எழுந்தால் விசைப்பலகை தானே எழுத்துகளை அடிக்கும், பத்து மணிக்குமேல் சாதுவாகிவிடும். "அண்ணா, இது உங்கூர்லதான் நல்லா இருந்துச்சு" என்றான் போனில்.

பெட்டியோடு எங்கள் ஊர்ப் புழுதியும் மலையேறிப் போயிருந்தது. காய்ந்த புழுதி கரன்டைக் கடத்தாது, வெப்பத்தைத் தடுப்பதோடு சரி. மலையில் மூடுபனி சன்னல் வழியாக அறைக்குள் வரும். புழுதியில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரமான புழுதி அருகருகே இருக்கும் இரண்டு தடங்களுக்கு நடுவே மெலிதான பாலம் போட்டுவிடும். பெட்டி ஓடிச் சூடானதும் பாலம் காய்ந்து அறுந்துவிடும். பலகையை முழுக்கத் துடைத்து ஒருநாள் உலர்த்திய பிறகு அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரவில் அணைக்காமல் உறக்க நிலையில் விட்டுவைக்கிறான், அந்தச் சிறு கதகதப்பே போதும். இடி இடிக்கும் சாயங்காலங்களில் மட்டும் பிளக்கைப் பிடுங்குகிறான், கூடவே நெட் கேபிளையும். மின்னல் பலவேளை கேபிள் வழியாகத்தான் உள்ளே வருகிறது. வந்தால் முழுதாகக் கொல்லாமல் போர்ட்டை அரைகுறையாக விட்டுவைத்து, அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு புதுக் காய்ச்சலைக் கொடுத்துவிட்டுப் போகும்.

மலை என்றதும் விண்கதிரைச் சொல்லாமல் விட முடியாது. 1978-ல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, மரே வுட்ஸ் இருவரும் நினைவகப் பிட்டுகள் காரணமின்றிப் புரள்வதைத் துரத்திப்போய், சில்லைப் பொதிந்த பீங்கானில் இருந்த துளியூண்டு கதிரியக்கப் பொருளே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே ஐபிஎம்மின் ஜேம்ஸ் சீக்லர், வானில் இருந்து வரும் துகள்களும் இதைச் செய்யும் என்று காட்டினார். மூணாறு உயரத்தில் அந்த நியூட்ரான் மழை கடல்மட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பூமியின் காந்தப்புலம் ஓரளவு குடைபிடிக்கிறது. கணவாய்க்கு வடக்கே ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் விண்கதிர்த் துகள்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று தலைக்குமேல் போன ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்ததை மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்கிட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக் கம்ப்யூட்டர் உறைந்தால் வானத்தைப் பார்க்காதீர்கள். கூகுள் தன் சேவையகங்களில் இரண்டு வருடத்துக்குமேல் எண்ணி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நினைவகக் குச்சிகளில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேலானவை பிழை காட்டின. ஒருமுறை காட்டிய குச்சியே திரும்பத் திரும்பக் காட்டியது. விண்கதிருக்கு அப்படி ஒரே குச்சியின் மேல் பகை இருக்க முடியாது.

கணக்கு நோட்டில் மொத்தம் முப்பத்தொரு வரிகள். முப்பதுக்கு நேரே காரணம் எழுதியாயிற்று. ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லை: ஜூலை, இரவு 1.20, மழை இல்லை, கரன்ட் சீராக இருந்தது, புது ராம், புது எஸ்எம்பிஎஸ், ஒருமுறை உறைந்தது, அதற்குப் பிறகு இல்லை. மகள் விண்கதிர் என்று எழுதச் சொன்னாள். நான் விடவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.